ஏழு மணி ஓட்ஸ்

பையில ஓட்ஸ் பாக்கெட்டு எட்டிப் பாக்குதுங்களே, யாருக்குங்க? அம்மாவுக்கா? சுகருங்களா? அதான பாத்தேன். இந்த வயசுல நீங்களா ஆசப்பட்டு இதை வாங்க மாட்டீங்களே. கொஞ்சம் தள்ளி உக்காருங்க கண்ணு. நான் கவுந்தப்பாடி வரைக்கும் வர்றேன். ஈரோட்டுல ஏறுனா இந்த பஸ்ஸு ஒரு மணி நேரம் ஆக்கிருவான், பேசிட்டுப் போலாம்.

எப்படிச் செய்வீங்க? பால்ல காய்ச்சிக் கஞ்சியாட்டவா? எங்கூட்டுல அப்படியில்லீங்க. ஓவன்ல வெச்சுச் சுடறது. கேக்காட்ட வரும். கத்தியில அறுத்துத் துண்டு துண்டாத் தட்டுல வெக்கலாம். கனிஞ்ச வாழப்பழத்தை மசிச்சு, பாலு, ரெண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, பட்டைப் பொடி எல்லாத்தையும் ஓட்ஸோட கலக்கிக்கோணும். ஆப்பிளைப் பொடியா நறுக்கிப் போட்டு, மேல ரெண்டு பேரீச்சம்பழத்தைக் கிள்ளி வெச்சு நாப்பது நிமிசம். வாசம் தெரு முனை வரைக்கும் போகும். ஒன்றரை வருசமா எங்கூட்டுல காலைல ஏழு மணிக்கு அதுதானுங்க. இட்லி கெடையாது, தோசை கெடையாது. எல்லாருக்கும் அதுதான்.

செய்யறது நானு. ஆனா மொதல்ல செஞ்சது நானில்லீங்க, அதைச் சொல்லிரோணும். என்ற கொழுந்தனாரு சம்சாரம் மைதிலி. ஓவனும் அவ சீராக் கொண்டாந்ததுதான். நான் என்னமோ புடுங்கிக்கிட்டேன்னு நெனச்சராதீங்க. அதுவா என்ற கைக்கு வந்துது.

எங்க மாமனாரு சென்னியப்பன்னு கேட்டா கவுந்தப்பாடில எல்லாருக்கும் தெரியும். நாப்பது வருசம் நாட்டுச்சர்க்கரை யாவாரம். மூட்டைல ஊசியைக் குத்தி எடுத்து நாக்குல ஒரு துளி வெச்சாருன்னா, எந்தூருக் கரும்பு, எந்த ஆலைல காச்சுனது, காச்சுனவன் அவசரப்பட்டானா இல்லியான்னு சொல்லிருவாரு. அந்த மனுசனுக்குச் சர்க்கரை வியாதி. முன்னூத்துச் சொச்சம். எடது கால் பெருவெரல்ல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது. டாக்டரு சொல்லிட்டாரு, இனிப்புன்னு ஒரு பொட்டு உள்ள போகக் கூடாது, காலைல ஓட்ஸ் குடுங்க, பழம் ஒண்ணு ரெண்டு துண்டு போதும்னு.

மாமனாரு சாப்புடுவாரா? சர்க்கரை இல்லாத காப்பியவே "மாட்டுக்கு ஊத்துங்க"ங்கற ஆளு. மைதிலி ஹோம் சயின்ஸ் படிச்ச புள்ள. அவதான் யோசன சொன்னா. "அவருக்கு மட்டும் தனியா வெச்சாத் தண்டனையாட்ட இருக்குமுங்க்கா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து அதையே சாப்புட்டா அவரும் சாப்புடுவாரு"ன்னு. நல்ல யோசனைதான். இல்லேங்கல. அந்த ஓவன் ஓட்ஸையும் அவளே செஞ்சா.

மொத நாளு மாமா ஒரு வாய் வெச்சுட்டு, "வைக்கோலை நனைச்சு வெச்சிருக்கறியா சாமி"ன்னாரு. எங்கூட்டுக்காரரு கடைத்தெருவுல பொங்கல் சாப்புட்டுக்கறேன்னு கெளம்பிட்டாரு. என்ற மக மோந்து பாத்துட்டு வெச்சுட்டா. மூணு நாளு இதே கதை. மூணாம் நாளு மிச்சத்தை மாட்டுத் தொட்டில கொட்டிட்டு வந்து, மைதிலி பாத்திரம் கழுவற எடத்துல நின்னு அழுதுட்டு இருந்தா. கல்யாணமாகி ஆறு மாசந்தான் ஆயிருந்துது. எனக்குப் பாவமா இருந்துது. உண்மையாலுமே பாவமா இருந்துது.

நாலாம் நாளு அவ அம்மா ஊட்டுக்குப் போயிட்டா, ஏதோ விசேசம். நான்தான் செய்யோணும். அவ எழுதி வெச்சபடியே எல்லாம் போட்டேன். ஓவன்ல வெக்கற சமயத்துல ஒரு ஓரத்தைத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். யாரு திம்பா இதைன்னு இருந்துது. சமையக்கட்டுல நாட்டுச்சர்க்கரை டப்பா இருக்குது. ஒரே ஒரு கைப்பிடிங்க. ஊட்டுல ஆறு பேரு. ஆளுக்குப் பிரிச்சா எவ்வளவு வந்துரும் சொல்லுங்க. கெழங்கு திங்கறதுல இல்லாத இனிப்பா?

அன்னைக்குத் தட்டு காலி. எங்கூட்டுக்காரரு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு. மாமனாரு மொத வாயை வெச்சுட்டு அப்படியே நிறுத்தினாரு. என்னைய நிமிந்து பாத்தாரு.

"அம்மிணி, இது நீயா செஞ்ச?"

"ஆமாங் மாமா."

"இனிமே நீயே செய்யி."

கல்யாணமாகி இருவத்திமூணு வருசம் ஆச்சுங்க எனக்கு. எத்தன வடிச்சிருப்பேன், எத்தன அரைச்சிருப்பேன். அந்த வாயில இருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்னைக்குத்தான் வந்துது. எங்கூட்டுக்காரரு, "சர்க்கரையே இல்லாம எப்படி இப்படி வருது?"ன்னு கேட்டாரு. "பழம் நல்லாக் கனிஞ்சது"ன்னேன்.

அந்த ஒரு வார்த்தைதாங்க. அன்னைக்கே சிரிச்சுட்டு, ஒரு கைப்பிடி போட்டுட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வாயில வந்துருச்சு, பழம்னு.

மைதிலி வந்து கேட்டா. "எப்படிங்க்கா?" அவகிட்டயும் பழம்னேன். அவ கறுத்துப் போன பழமாத் தேடி வாங்கியாந்து செஞ்சு பாத்தா. வரலை. எப்படி வரும்? "அது கைப்பக்குவங் கண்ணு, போகப் போக வரும்"ன்னு ஆறுதல் சொன்னேன்.

அப்பறம் என்னாச்சுன்னா, நான் எந்திரிக்கற நேரம் மாறிப் போச்சு. மைதிலி அஞ்சரைக்குச் சமையக்கட்டுக்கு வந்துருவா, ஒத்தாசை பண்றேன்னு. அதுக்கு முன்னாடி பழத்தோட சர்க்கரையைச் சேத்துப் பெசைஞ்சு முடிச்சரோணும். அஞ்சு மணிக்கே எந்திரிச்சுக் கதவைச் சாத்திக்குவேன். டப்பாவ வெளில வெக்க முடியாது, களி கிண்டற ராயி மாவு டப்பாவுக்குள்ள ஒரு கவர்ல போட்டு வெச்சேன். ஒரு நாளு கம்மியாப் போட்டுப் பாத்தேன். மாமா பாதில வெச்சுட்டு, "ஒடம்பு செரியில்லியா அம்மிணி?"ன்னாரு. மக்கா நாளு ரெண்டு கைப்பிடி ஆயிருச்சு. சொந்தக்காரங்க போன் பண்ணிக் கேக்கறாங்க, "சர்க்கரையில்லாமயே கோகிலா என்னமோ செய்யறாளாமே"ன்னு. நானும் சொல்லிக் குடுக்கறேன், பாலு இத்தன, பட்டை இத்தன, பழம் நல்லாக் கனிஞ்சிருக்கோணும்னு. சொல்லச் சொல்ல எனக்கே அது நெசமாட்ட ஆயிருச்சுங்க.

எங்கியும் போக முடியலை. எங்கண்ணன் ஊட்டுக்குப் போனாலும் பொழுதோட திரும்பியரோணும். நான் இல்லாத நாளு மைதிலி செஞ்சு, சப்புன்னு இருந்து, யாராச்சும் ஏன்னு யோசிச்சுட்டா? காய்ச்சல்ல கெடந்தாலும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். "அப்பாவுக்காக இப்படி உசுரை விடறியே"ம்பாரு எங்கூட்டுக்காரரு. அப்ப என்னன்னு சொல்றது?

ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா சர்க்கரை எறங்கவே இல்லை. டாக்டரு மாத்திரையை ஏத்துனாரு. அப்பறம் ஊசி போடச் சொன்னாரு. "ஊட்டுல எங்கியோ இனிப்பு போகுது, தேடிப் பாருங்க"ன்னுட்டாரு. எங்கூட்டுக்காரரு வந்து எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டாரு. மைதிலி சாயந்தரம் டீயோட ரெண்டு பிஸ்கெட்டு குடுப்பா மாமனாருக்கு. அதை அவளே சொன்னா. டாக்டரு ரெண்டு தின்னலாம்னு சொன்னதுதானுங்கன்னா.

நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவ மேல பழி போடலை. சும்மா நின்னேன். சும்மா நிக்கறது ஒரு தப்புங்களா? எங்கூட்டுக்காரரு சத்தம் போடவும், பாவம்னு நான் குறுக்க போனேன். "உடுங்க, சின்னப் புள்ள, தெரியாமக் குடுத்திருப்பா"ன்னேன். அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன். அவ என்னைய அப்படிப் பாத்தா பாருங்க, நான் என்னமோ அடிச்சுட்ட மாதிரி.

அப்பறம் அந்த வெரலு கறுத்துப் போச்சு. ஈரோட்டுல பெரிய ஆஸ்பத்திரில சேத்து, வெரலை எடுத்துட்டாங்க. வராண்டாவுல வெச்சே எங்கூட்டுக்காரரு மைதிலியப் புடிச்சு, "உன்ற பிஸ்கெட்டுத்தான் எங்கப்பன் வெரலைத் தின்னுச்சு"ன்னு சொல்லிட்டாரு. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. பத்தே நாள்ல கொழுந்தனாரு ஈரோட்டுல வாடகைக்கு ஊடு பாத்துக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

இதுல இன்னொண்ணு நடந்துது. ஆஸ்பத்திரில ஒரு மத்தியானம் நானும் மாமாவுந்தான் இருந்தோம். எங்கூட்டுக்காரரு மருந்து வாங்கப் போயிருந்தாரு. மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சேன்.

"மைதிலி பிஸ்கெட்டுல ஒண்ணுமில்ல அம்மிணி"ன்னாரு.

யாராச்சும் வர்றாங்களான்னு நான் வாசலைத் திரும்பிப் பாத்தேன்.

"அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"எப்ப இருந்துங் மாமா?"

"மொத வாயிலயே. மேவானிப் பக்கத்துக் கரும்பு. பதம் தாண்டி லேசாக் கருக உட்டுட்டான். எனக்கா தெரியாது?"

"அப்பறம் ஏனுங் சொல்லலை?"

"சொன்னா நீ நிறுத்திருவியே."

சிரிச்சாருங்க. வெரலை எடுத்துக் கட்டுப் போட்டிருக்குது, சிரிக்கறாரு. அப்பறம் என்ற கையப் புடிச்சுத் தட்டிக் குடுத்துட்டே சொன்னாரு, "ஊட்டுக்குப் போனதும் பழையபடியே போடு. சப்புன்னு வெச்சீன்னா நான் மோகன்கிட்டச் சொல்ல வேண்டி வந்துரும்." மோகனசுந்தரம்ங்கறது எங்கூட்டுக்காரரு. அந்நேரம் உள்ள வந்த நர்ஸம்மா, "பொண்ணுங்களா? எவ்வளவு பாசம்"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? சர்க்கரையைப் போட்டா அந்த மனுசனைக் கொல்றேன். போடாட்டி என்ற மானம் போயிரும். ஊட்டுக்கு வந்ததும் ஒரு வழி பண்ணேன். எல்லாருக்கும் சப்புன்னு, அவருக்கு மட்டும் ஒரு மூலைல இனிப்பு. அடையாளத்துக்கு அந்த மூலைல ஒரு முந்திரியக் குத்தி வெச்சிருவேன். எங்கூட்டுக்காரரு, "இப்ப ஏன் முன்ன மாதிரி இல்லை?"ன்னாரு. "பழம் செரியில்லை"ன்னேன். மாமா மட்டும் கண்ணை மூடி மென்னு திம்பாரு. எதிர்ல நான் நிக்கோணும். அவரு முழுங்கறப்பெல்லாம் எனக்குத் தொண்டைல என்னமோ எறங்குற மாதிரி இருக்கும். மூணு வாரம். பக்கத்து வெரலும் நெறம் மாற ஆரம்பிச்சுது.

அதுக்கு மேல என்னால முடியலை. போன ஞாயித்துக்கெழம கொழுந்தனாரு அப்பாவைப் பாக்க வந்திருந்தாரு, தனியா. எல்லாரும் சாப்புட உக்காந்திருந்தாங்க. நான் கரண்டியக் கீழ வெச்சுட்டு நின்னபடியே சொன்னேன்.

"மைதிலி ஒண்ணும் பண்ணலீங்க. நான்தான். மொத நாள்ல இருந்து நான்தான் இதுல சர்க்கரை போட்டுட்டு இருக்கறேன்."

மாமா கை வாய்க்குப் போனது பாதில நின்னுது. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சாரு. அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு கண்ணுல தண்ணி. தம்பிகிட்டத் திரும்பி, "ஜெகா, உன்ற அண்ணியப் பாத்தியா? உன்ற பொண்டாட்டிய இந்த ஊட்டுக்குத் திருப்பிக் கூட்டியாரதுக்கு, பழியைத் தன் தலைல தூக்கிப் போட்டுக்கறா"ன்னாரு.

"இல்லீங்க, நெசமாலுமே நான்தான்."

"உடு கோகிலா. உன்னைய எனக்குத் தெரியாதா?"

ஓடிப் போய் ராயி மாவு டப்பாவக் கொண்டாந்தேன். கவரை வெளில எடுத்து மேசை மேல வெச்சேன். இப்ப என்ன சொல்வீங்கன்னேன். மாமா அதைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "அது மாவெளக்குக்கு நாந்தான் எடுத்து வெக்கச் சொன்னேன்"ன்னாரு. கூசாமச் சொன்னாருங்க. நான் மாட்டுனா அவரும் மாட்டுவாருல்ல.

ஆனா எங்கூட்டுக்காரரு, "எதுக்கும் இனி ஊட்டுக்குள்ள இந்தச் சாமானே வேண்டாம்"ன்னு டப்பாவோட தூக்கிட்டுப் போய்க் கொட்டிட்டாரு. மாமா கண்ணு அந்த டப்பா பின்னாடியே வாசல் வரைக்கும் போச்சு. அவரு மொகத்துல இருந்த வெளிச்சம் அப்பவே போயிருச்சு. செத்த வெரலைக் கூட அவரு அப்படிப் பாக்கலை.

திரும்பி வந்து எங்கூட்டுக்காரரு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. "இனி அப்பாவோட சோறு, மாத்திரை, ஊசி எல்லாம் கோகிலா பொறுப்பு. அவளைத் தவுர ஒருத்தரையும் நான் நம்ப மாட்டேன்." மூணு வேளையும் நான். முன்ன காலைல மட்டுந்தான் கட்டு. இப்ப நாள் முச்சூடும்.

கொழுந்தனாரு மட்டும் தட்டையே பாத்துட்டு இருந்தாரு. கெளம்பறப்போ வாசல்கிட்ட வந்து, "அண்ணி, மைதிலிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க"ன்னாரு. அந்த ஆளு நம்பிட்டாரு. ஒருத்தராச்சும் நம்பினாரே.

அதான் இன்னைக்குப் போயிட்டு வர்றேன். எங்கூட்டுக்காரரு கடைல ஆள உட்டுட்டு அப்பாகூட உக்காந்திருக்காரு, பொழுது எறங்கறதுக்குள்ள வந்துரு வந்துருன்னு நாலு போனு. மைதிலி ஊடு மூணாவது மாடி. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. தலைக்கு ஊத்திட்டு முடிய விரிச்சுப் போட்டுட்டுத் தோசை ஊத்திட்டு இருந்தா, மத்தியானம் ஒரு மணிக்கு. எங்கூட்டுல ஒரு நாளும் அவ அப்படி முடிய விரிச்சு நான் பாத்ததில்லை. "வாங்க்கா"ன்னு உக்கார வெச்சா. நான் எல்லாத்தையும் சொன்னேன். கைப்பிடி, டப்பா, ஆஸ்பத்திரி, முந்திரி, எல்லாம். அழுதேன். அவ தோசையத் திருப்பிப் போட்டா.

"தெரியுமுங்க்கா"ன்னா.

"எப்பக் கண்ணு தெரியும்?"

"அந்த ஓவன் தட்டைத் தெனமும் தேச்சது நாந்தானுங்களே. வெறும் பழம்னா ஓரத்துல அப்படிப் பாகு புடிக்காது. ஊற வெச்சு நகத்துல சுரண்டியிருக்கறேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"இவருகிட்டச் சொன்னேன். அண்ணியப் பத்தி அப்படிப் பேசாதேன்னாரு. அதுக்கு மேல யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க?"

நான் அவ கையப் புடிச்சுக்கிட்டேன். "வந்துரு சாமி. மறுக்கா எல்லாரையும் உக்கார வெச்சு, அவங்க நம்பற வரைக்கும் சொல்றேன். உன்ற பேரை நான் சுத்தம் பண்றேன்"ன்னேன்.

பதறிட்டாளுங்க அவ. அதுவரைக்கும் அமைதியா இருந்தவ, கரண்டியக் கீழ போட்டுட்டு, "வேண்டாங்க்கா, பண்ணிராதீங்க. பேரு சுத்தமானாக் கூப்புட்டுருவாங்க. இவரும் போலாம்னுருவாரு. அங்க என்ற பேரு இப்படியே இருக்கட்டும். இங்க நான் நல்லா இருக்கறேன்"ன்னா.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! மன்னிப்புக் கேக்கலாம்னு மெனக்கெட்டுப் போனவளுக்கு மன்னிப்பும் குடுக்கலை, ரெண்டு திட்டும் குடுக்கலை. தோசை வெச்சா. நல்லாத்தான் இருந்துது தோசை. தோசை தின்னே எத்தன நாளாச்சு. சாப்புட்டுட்டு, எனக்கே என்னன்னு தெரியலை, "இன்னைக்கு ஒரு நாளு உன்ற கூடத் தங்கிக்கட்டுமா கண்ணு?"ன்னு கேட்டுட்டேன். அவ கடியாரத்தைப் பாத்தா. "நாலு மணி பஸ்ஸைப் புடிச்சாத்தானுங்க்கா மாமாவுக்கு ஊசி போடற நேரத்துக்குப் போக முடியும்"ன்னு சொல்லிட்டு, என்ற செருப்பை எடுத்து நேரா வெச்சா. மரியாதையாத்தான் வெச்சா.

இதா, கவுந்தப்பாடி வந்துருச்சு. போனடிக்குது பாருங்க, எங்கூட்டுக்காரருதான்.

சோத்துக்கு அரை மணி முன்னாடி ஊசி. மாமா முன்னாடியே சட்டையைத் தூக்கி வயித்தைக் காட்டிட்டு உக்காந்திருப்பாரு, பச்சப் புள்ளையாட்ட. அவரு செவுத்தப் பாப்பாரு, நான் ஊசியப் பாப்பேன். "வலிச்சுதுங்களா மாமா"ம்பேன். "இல்ல அம்மிணி"ம்பாரு. இப்பல்லாம் அவ்வளவுதாங்க, எங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சு.